பெங்களூரு எஃப்சியின் முதல் தாயகம்: அசோக் நகர் கால்பந்து மைதானத்தின் வரலாறு

பெங்களூரு: தோன்றிய முதல் ஆண்டிலேயே இந்தியாவின் தேசிய லீக் பட்டத்தை வென்று கால்பந்து உலகை வியக்க வைத்தது பெங்களூரு எஃப்சி. அந்த 2013-14 சீசனின் சொந்த ஊர்ப் போட்டிகளை அந்தக் கிளப் ஆடிய இடம், இன்று அதன் ரசிகர்கள் திரளும் ஸ்ரீ கண்டீரவா விளையாட்டரங்கம் அன்று. நகரின் மையத்தில், அசோக் நகரில் அமைந்துள்ள பெங்களூரு கால்பந்து மைதானமே அந்தக் கிளப்பின் முதல் தாயகம். ஒரே சீசனில் கிளப் அங்கிருந்து இடம்பெயர்ந்துவிட்டது. ஆனால், அந்த மைதானத்தின் கதை கிளப்பின் கதையைவிட மிகப் பழையது. நகரின் ஏரிகள், ராணுவக் குடியிருப்புகள், தமிழ்க் குடும்பங்கள், பொதுத்துறை ஆலைகள் ஆகிய அனைத்தும் அந்தக் கதையில் இடம்பெறுகின்றன.

ஏரி இருந்த இடத்தில் மைதானம்

அசோக் நகரும் அதனைச் சுற்றியுள்ள பகுதியும் முற்காலத்தில் சூளை என்று அழைக்கப்பட்டன. செங்கல் சூளைகள் இருந்ததால் அப்பெயர் வந்ததாகச் சொல்லப்படுகிறது. சென்னையிலும் இதே பெயரில் ஒரு பகுதி உண்டு. பெங்களூரின் சூளையில் ஓர் ஏரியும் இருந்தது. அந்தச் சூளை ஏரி தூர்ந்துபோன இடத்தில்தான் இன்றைய கால்பந்து மைதானம் நிற்கிறது.

பெங்களூரில் இது தனித்த நிகழ்வு அன்று. வற்றாத ஆறு எதுவும் ஓடாத இந்த நகரம், பல நூற்றாண்டுகளாக மழைநீரைத் தேக்கி வைத்த ஏரிகளை நம்பியே வளர்ந்தது. ஒரு ஏரி நிரம்பினால் உபரி நீர் கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குச் செல்லும். தொலைவிலுள்ள நீர்த்தேக்கங்களிலிருந்தும், பின்னர் காவிரியிலிருந்தும் குழாய் வழியே குடிநீர் வரத் தொடங்கியதும், ஊர் நடுவே இருந்த ஏரிகளின் தேவை குறைந்தது. கவனிப்பாரற்றுக் கிடந்த ஏரிப்படுகைகள், பெரிய திறந்தவெளி தேவைப்பட்ட அரசுத் திட்டங்களுக்கு எளிதில் கிடைத்த நிலங்களாயின.

தர்மாம்புதி ஏரி கெம்பேகௌடா பேருந்து நிலையமானது. அக்கிதிம்மனஹள்ளி ஏரி ஹாக்கி மைதானமானது. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமானது. சூளை ஏரி கால்பந்து மைதானமானது. அசோக் நகருக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள தொம்மலூரிலும் இதே நிலைதான். அங்கிருந்த ஏரியின் இடத்தில் பெங்களூரு வளர்ச்சி ஆணையத்தின் குடியிருப்பு மனைகள் எழுந்தன. அதனை அடுத்திருந்த சல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானமாக மாறியது.

தொம்மலூருக்குத் தமிழ் வரலாற்றில் தனி இடம் உண்டு. அங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டுகள், அவ்வூரைத் தோம்பலூர் என்றும் தேசிமாணிக்கப் பட்டணம் என்றும் குறிப்பிடுகின்றன. கல்வெட்டுக் காலம் முதல் இருந்துவரும் ஊரின் ஏரியே மனைகளாகிவிட்ட நகரத்தில், சூளை ஏரி கட்டடங்களுக்குப் போகாமல் திறந்தவெளி மைதானமாக எஞ்சியது என்பது கவனிக்கத்தக்கது.

கண்டோன்மென்ட்டும் கால்பந்தும்

பெங்களூருக்குக் கால்பந்து ராணுவத்தின் வழியே வந்தது. 1809ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இங்குப் படைமுகாம் அமைத்தனர். கண்டோன்மென்ட் எனப்பட்ட அந்தப் பகுதிக்கு, அன்றைய மதராஸ் மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களிலிருந்து சிப்பாய்களும், கட்டடத் தொழிலாளர்களும், வணிகர்களும், வீட்டுப் பணியாளர்களும் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தனர். அல்சூர், சூளை, ஆஸ்டின் டவுன், மர்பி டவுன் ஆகிய பகுதிகளில் தமிழ் ஒலிக்கத் தொடங்கியது அவ்வாறுதான்.

படைப்பிரிவுகள் மாலை வேளைகளில் ஆடிய ஆட்டத்தை, வேலிக்கு வெளியே நின்று பார்த்த சிறுவர்கள் வெறுங்காலுடன் கற்றுக்கொண்டனர். காலப்போக்கில் அவர்களே அந்தப் படை அணிகளை எதிர்த்து ஆடும் நிலைக்கு உயர்ந்தனர். பம்பாயில் அக்காலத்தில் நடைபெற்றுவந்த ரோவர்ஸ் கோப்பையை அதுவரை பெரும்பாலும் பிரிட்டிஷ் ராணுவ அணிகளே வென்றுவந்தன. 1937ஆம் ஆண்டு அதை வென்ற பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி, மறு ஆண்டும் பட்டத்தைத் தக்க வைத்தது. சுதந்திரத்துக்குப் பின் 1948லும் அக்கோப்பையைக் கைப்பற்றியது. 1938இல் ஸ்டாஃபோர்ட் கோப்பைப் போட்டி தொடங்கப்பட்டதும், நாட்டின் முன்னணிக் கிளப்புகள் பெங்களூருக்கு வந்து ஆடும் வழக்கம் ஏற்பட்டது.

மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் கோப்பையிலும் மைசூர் அணி வலுவாக விளங்கியது. 1946-47, 1952-53, 1967-68, 1968-69 என நான்கு முறை அது பட்டம் வென்றது. இவற்றுள் கடைசிப் பட்டம் பெங்களூரிலேயே கிடைத்தது. அதன் பிறகு அந்த மாநிலம், கர்நாடகம் என்ற பெயரில், அடுத்த பட்டத்துக்கு 54 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2023 மார்ச் மாதம் சவுதி அரேபியத் தலைநகர் ரியாத்தில் நடைபெற்ற இறுதி ஆட்டத்தில் மேகாலயாவை 3-2 என்ற கோல் கணக்கில் வீழ்த்திய பிறகே அந்தக் காத்திருப்பு முடிவுக்கு வந்தது.

தமிழ்ப் பெயர்கள் பதிந்த பட்டியல்

சுதந்திர இந்தியா கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் கால்பந்து ஆட்டம் 1948 ஜூலை 31 அன்று லண்டனை அடுத்த இல்ஃபோர்டில் நடைபெற்றது. பிரான்சுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் இந்திய வீரர்களில் பலர் வெறுங்காலுடன் களமிறங்கினர். 2-1 என்ற கணக்கில் தோற்றபோதிலும், இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் மைசூர் மாநிலத்தைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல் அது. அதே அணியில் தன்ராஜ், சண்முகம், அகமது கான் ஆகிய பெங்களூர் வீரர்களும் இடம்பெற்றிருந்தனர். அகமது கானும் தன்ராஜும் பின்னர் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்பில் பஞ்ச பாண்டவர் எனப் போற்றப்பட்ட ஐவர் முன்கள வரிசையில் ஆடினர்.

1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. அந்த அணியில் இருந்த அருமைநாயகம் பெங்களூர்க்காரர். வந்தவாசியில் பிறந்து பெங்களூரில் வளர்ந்த பூங்கம் கண்ணன், ஜெர்மானியப் பயிற்சியாளர் டெட்மார் கிராமரால் 'ஆசியாவின் பெலே' என்று புகழப்பட்டார். இவர்களுக்குப் பின் வந்த தலைமுறையில், ஆஸ்டின் டவுன் பகுதியிலிருந்து எழுந்து இந்திய அணியின் கேப்டனாக உயர்ந்த கார்ல்டன் சாப்மேனும், நடுக்கள வீரர் சண்முகம் வெங்கடேஷும் குறிப்பிடத்தக்கவர்கள். சாப்மேன் 2020 அக்டோபரில் காலமானார்.

அல்சூரை அடுத்த கௌதமபுரத்தில் அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளுடன் பிரேசில் வீரர் பெலேயின் சிலையும் நிறுவப்பட்டுள்ளது. 2022 டிசம்பரில் பெலே மறைந்தபோது அப்பகுதி மக்கள் அங்குத் திரண்டு அஞ்சலி செலுத்தினர். இத்தகைய பகுதிகளில் பயின்ற சிறுவர்கள் ஊர் லீக்கில் ஆடுவதற்கு வந்து சேரும் இடமாகவே அசோக் நகர் மைதானம் விளங்கிவந்துள்ளது.

ஆலை அணிகளின் காலம்

மைதானம் கர்நாடக மாநிலக் கால்பந்து சங்கத்தின் பொறுப்பில் உள்ளது. சங்கத்தின் அலுவலகமும் அங்கேயே இயங்குகிறது. பெங்களூரு மாவட்டக் கால்பந்து சங்கம் நடத்தும் பல பிரிவு லீக் ஆட்டங்கள் இங்கு நடைபெறுகின்றன.

தொழில்முறைக் கிளப்புகள் வருவதற்கு முன்பு, இந்த லீக்கின் முதுகெலும்பாக இருந்தவை பொதுத்துறை நிறுவனங்களும் ராணுவமும்தான். இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையான ஐடிஐ, விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்ஏஎல், மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் எம்இஜி, ராணுவத்தின் ஏஎஸ்சி மையம் ஆகியவற்றின் அணிகளுக்கு இடையே நடந்த ஆட்டங்கள் ஊழியர்களையும் அவர்களுடைய குடும்பத்தினரையும் மைதானத்துக்கு ஈர்த்தன. பகலில் ஆலைப் பணி, மாலையில் பயிற்சி, விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை என்பதே அன்றைய வீரரின் வாழ்க்கை. ஏழைக் குடும்பத்துப் பையனுக்குக் கால்பந்து என்பது மாதச் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் உரிய வழியாக இருந்தது.

ஐடிஐ அணி தேசிய கால்பந்து லீக்கில் ஆடியது. பின்னர் எச்ஏஎல் அணி 2010-11, 2011-12 ஆகிய இரு சீசன்களில் ஐ-லீக்கின் உயர் பிரிவில் ஆடி, கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. அதன் சொந்த மைதானமாகவும் அசோக் நகர் இருந்தது. வெளிநாட்டு வீரர்களைப் பெரும் தொகை கொடுத்து அமர்த்தும் கிளப்புகளுக்கு எதிராக, தன் ஊழியர்களையே பெரிதும் நம்பியிருந்த ஓர் ஆலை அணியால் நீண்ட காலம் தாக்குப்பிடிக்க இயலவில்லை. அதன் வெளியேற்றத்துடன் தேசிய அளவில் ஆலைக் கால்பந்தின் காலம் இந்நகரில் ஏறத்தாழ முடிவுக்கு வந்தது.

2013: நீலம் சூடிய மேற்கு மாடம்

அந்த வெற்றிடத்தை நிரப்பியது ஜேஎஸ்டபிள்யூ குழுமம். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் பெருநிறுவனங்களுக்கு ஐ-லீக்கில் நேரடி இடம் வழங்க முன்வந்தபோது, அக்குழுமம் பெங்களூரைத் தேர்ந்தெடுத்தது. 2013 ஜூலை 20 அன்று பெங்களூரு எஃப்சி தொடங்கப்பட்டது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஆஷ்லி வெஸ்ட்வுட் பயிற்சியாளரானார். சுனில் சேத்ரி அணியின் முகமானார்.

அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று அசோக் நகர் மைதானத்தில் அந்த அணியின் முதல் லீக் ஆட்டம் நடைபெற்றது. எதிரணி, 1889இல் தோன்றிய மோகன் பகான். இரண்டு மாத வயதுடைய கிளப், நூறாண்டு கடந்த கிளப்புடன் 1-1 எனச் சமன் செய்தது. பெங்களூரு எஃப்சி வரலாற்றின் முதல் கோலை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஷான் ரூனி அடித்தார்.

மைதானத்தில் சுமார் 8 ஆயிரம் பேருக்கு மட்டுமே இடம் உண்டு. பார்வையாளர் மாடம் ஆடுகளத்தை ஒட்டியே அமைந்துள்ளது. இடையே தடகள ஓடுபாதை இல்லை. ரசிகர்களின் குரல் வீரர்களின் காதில் நேரடியாக விழும். மேற்கு மாடத்தில் நின்றபடி தொடர்ந்து பாடியும் முழங்கியும் அணியை ஊக்குவித்த ரசிகர் குழு, தான் நின்ற இடத்தையே பெயராகச் சூட்டிக்கொண்டு 'வெஸ்ட் பிளாக் ப்ளூஸ்' ஆனது.

ஆடுகளம் செயற்கைப் புல்லால் ஆனது. சிறிய மைதானத்துக்கு இது பெரும் வசதி. இயற்கைப் புல்தரை ஒரு நாளில் பல ஆட்டங்களைத் தாங்காது. மழைக்காலத்தில் சேறாகிவிடும். செயற்கைத் தரையில் காலை முதல் மாலை வரை லீக் ஆட்டங்களை அடுத்தடுத்து நடத்த முடியும். மறுபுறம், அதில் பந்து வேகமாக உருளும். வெயிலில் தரை கடுமையாகச் சூடேறும். பழக்கமில்லாத வீரர்களின் மூட்டுகளுக்கு அது சுமையாகும். வெளியூர் அணிகளுக்கு இங்கு ஆடுவது எளிதாக இருக்கவில்லை.

2014 ஏப்ரல் 21 அன்று கோவாவின் மட்காவில் டெம்போ அணியை 4-2 என வீழ்த்திய பெங்களூரு எஃப்சி, ஓர் ஆட்டம் மீதமிருக்கையிலேயே பட்டத்தை உறுதி செய்தது. 24 ஆட்டங்களில் 47 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. சேத்ரி 14 கோல்கள் அடித்தார்.

இடம்பெயர்ந்தது ஏன்?

வெற்றியே இடமாற்றத்துக்கு வழிவகுத்தது. தேசியச் சாம்பியன் என்ற முறையில் ஆசியப் போட்டிகளில் பங்கேற்கும் தகுதி கிடைத்தது. ஆசியக் கால்பந்து கூட்டமைப்பு, போட்டி நடத்தும் மைதானங்களுக்கு இருக்கைகள், மின்விளக்குகள், வீரர் அறைகள், ஊடக வசதி, பாதுகாப்பு ஆகியவற்றில் விரிவான விதிகளை வகுத்துள்ளது. வளர்ந்துவந்த ரசிகர் கூட்டத்துக்கும் பழைய மைதானம் போதவில்லை. எனவே 2014-15 சீசன் முதல் கிளப் கண்டீரவா விளையாட்டரங்கைச் சொந்த மைதானமாகக் கொண்டது. வெஸ்ட் பிளாக் ப்ளூஸ் ரசிகர்களும் அங்குள்ள மேற்கு மாடத்துக்குத் தங்கள் பதாகைகளுடன் குடிபெயர்ந்தனர்.

1997ஆம் ஆண்டு கர்நாடகத்தில் நடைபெற்ற தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்குப் பயன்பட்ட கண்டீரவா அரங்கில் சுமார் 25 ஆயிரம் பேர் அமரலாம். பெங்களூரு எஃப்சியின் பெரும் ஏற்ற இறக்கங்கள் அங்குதான் நிகழ்ந்தன. 2015 மே 31 அன்று அதே மோகன் பகானுடன் 1-1 என ஆட்டம் முடிந்ததால், இறுதி நிமிடங்களில் பட்டம் கைநழுவியது. 2016இல் மீண்டும் ஐ-லீக் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபர் 19 அன்று மலேசியாவின் ஜொகூர் அணியை 3-1 என வீழ்த்தி, ஏஎஃப்சி கோப்பையின் இறுதிக்கு முன்னேறிய முதல் இந்தியக் கிளப் என்ற பெருமையைப் பெற்றது. 2017இல் இந்தியன் சூப்பர் லீக்கில் சேர்ந்து, 2018-19 சீசனில் அப்பட்டத்தையும் வென்றது.

புதிய அரங்கிலும் தீராத சிக்கல்

கண்டீரவா அடிப்படையில் ஒரு தடகள அரங்கம். கால்பந்துக்குரிய புல்வெளியைச் சுற்றி ஓடுபாதை அமைந்துள்ளது. ஈட்டி, வட்டு, சம்மட்டி எறிதல் போட்டிகளில் எறியப்படுபவை விழும் இடமும் அதே புல்வெளிதான். கால்பந்துக்காகத் தரையைப் பாதுகாக்க வேண்டுமெனில் எறிதல் பயிற்சியை நிறுத்த வேண்டும். எறிதல் பயிற்சி நடந்தால் தரை குண்டும் குழியுமாகும்.

இதனால், தங்களுக்கென அமைந்த அரங்கில் பயிற்சி நேரம் குறைக்கப்படுவதாகத் தடகள வீரர்களும் பயிற்சியாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. உயர்மட்டக் கால்பந்துக்கென்றே கட்டப்பட்ட பெரிய அரங்கம் நகரில் இல்லாததே இந்த மோதலின் மூலகாரணம். இடம்பெயர்ந்த கிளப், தன் பழைய மைதானத்தின் இடப் பற்றாக்குறையை விட்டு, வேறொரு விளையாட்டுடன் இடத்தைப் பகிரும் சிக்கலுக்குள் நுழைந்தது.

கண்டீரவா நிற்கும் சம்பங்கி ஏரியின் எச்சமாக ஒரு சிறு குளம் இன்றும் உள்ளது. ஆண்டுதோறும் நடைபெறும் கரகத் திருவிழாவின் சடங்குகளில் அதற்குப் பங்கு உண்டு. தமிழ் வேர்கள் கொண்ட திகளர் சமூகத்தினரே அவ்விழாவை நடத்துகின்றனர்.

கைவிடப்பட்ட மைதானங்கள், நிலைத்த மைதானம்

உலகெங்கும் கிளப்புகள் பெரிய அரங்கங்களுக்கு மாறும்போது பழைய மைதானங்கள் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. லண்டனின் ஆர்சனல் 2006இல் ஹைபரி மைதானத்தைவிட்டு வெளியேறியதும் அது அடுக்குமாடிக் குடியிருப்பானது. 2016இல் வெஸ்ட் ஹாம் வெளியேறிய பொலின் மைதானம் இடிக்கப்பட்டு வீடுகள் கட்டப்பட்டன. அங்கெல்லாம் நிலம் கிளப்புக்குச் சொந்தமானது என்பதால் விற்பது எளிதாயிற்று.

பெங்களூரில் நிலைமை வேறு. மைதானம் கிளப்புக்குச் சொந்தமன்று. அது மாநிலச் சங்கத்தின் பொறுப்பில் இருப்பதால், கிளப் வெளியேறிய மறுநாளும் ஊர் லீக் தடையின்றித் தொடர்ந்தது. பெங்களூரு எஃப்சியின் இளையோர் அணியே மாவட்ட லீக்கில் ஆட அங்குத் திரும்பி வந்தது. நகரின் பிற கிளப்புகளும் அதனைப் பயன்படுத்துகின்றன. 2023-24இல் ஐ-லீக் இரண்டாம் பிரிவை வென்ற எஸ்சி பெங்களூரு, மறு சீசனில் ஐ-லீக்கில் ஆடியபோது இம்மைதானத்தையே தாயகமாகக் கொண்டது.

வணிக வளாகங்களும் அலுவலகக் கட்டடங்களும் சூழ்ந்த அசோக் நகரில் இத்தனை பெரிய திறந்தவெளி எஞ்சியிருப்பது அரிது. பேருந்தில் வந்து, சிறு தொகை செலவில் ஆட்டம் பார்த்துத் திரும்பக்கூடிய மைதானம் என்பதால், ஆஸ்டின் டவுன், கௌதமபுரம், தொம்மலூர் ஆகிய பகுதிகளின் சிறு அணிகளுக்கு அது இன்றியமையாததாக உள்ளது. மைதானம் நகருக்கு வெளியே சென்றால் முதலில் பாதிக்கப்படுபவர்கள் அந்த அணிகளின் சிறுவர்களே. பயிற்சிக்கான தெருவோரத் திடல்கள் சுருங்கிவரும் நிலையில், முறையான அளவுடைய ஆடுகளத்தில் நடுவர் முன்னிலையில் ஆடும் வாய்ப்பு அவர்களுக்கு இங்குதான் கிடைக்கிறது.

முக்கிய ஆண்டுகள்

1809: பெங்களூரில் ஆங்கிலேயர் படைமுகாம் அமைத்தல்.

1937: பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி ரோவர்ஸ் கோப்பையை வெல்லுதல்.

1938: ஸ்டாஃபோர்ட் கோப்பைப் போட்டி தொடக்கம்.

1948: லண்டன் ஒலிம்பிக்கில் சாரங்கபாணி ராமனின் கோல்.

1968-69: மைசூர் அணியின் நான்காவது சந்தோஷ் கோப்பை.

2010-12: அசோக் நகரைத் தாயகமாகக் கொண்டு எச்ஏஎல் அணி ஐ-லீக்கில் பங்கேற்பு.

2013 செப்டம்பர் 22: பெங்களூரு எஃப்சியின் முதல் லீக் ஆட்டம்.

2014 ஏப்ரல் 21: அறிமுக சீசனிலேயே ஐ-லீக் பட்டம்.

2014-15: கிளப் கண்டீரவா விளையாட்டரங்குக்கு மாறுதல்.

2023 மார்ச்: 54 ஆண்டுகளுக்குப் பின் கர்நாடகத்துக்குச் சந்தோஷ் கோப்பை.